பூனைக்குட்டியைச் சுவரில் அடித்த பையன் கொலைகாரன் ஆவானா?

கேள்வி: "என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. போன மாதம் வீட்டில் வளர்ந்த பூனைக்குட்டியை வாலைப் பிடித்துச் சுற்றிச் சுவரில் அடித்துவிட்டான். குட்டி பிழைத்துக்கொண்டது, ஆனால் கால் ஒடிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அதே குட்டியைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டு மூடியிருக்கிறான். சீரியல் கில்லர்கள் எல்லாரும் சின்ன வயதில் மிருகங்களைக் கொன்றவர்கள்தான் என்று வாட்ஸாப்பில் வந்ததைப் படித்ததிலிருந்து அக்காவுக்குத் தூக்கமே இல்லை. அவன் அப்பா கொஞ்சம் கோபக்காரர், பெல்ட்டால் அடித்தும் பார்த்துவிட்டார், திருந்தவில்லை. இவன் பெரியவனானால் என்ன ஆவான்?"

உங்கள் கேள்வியில் அந்த பெல்ட் வரிதான் எனக்குப் பூனைக்குட்டியை விடப் பெரிதாகப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வாட்ஸாப் சமாச்சாரத்தை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் உங்கள் அக்கா மற்ற எதையும் காதில் வாங்கமாட்டார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்வதை அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கட்டுரையாகவே எழுதினார்கள். 1963இல் ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர், டென்வர் நகர மனநல மருத்துவமனையில் தான் பார்த்த 100 பேரை வைத்து எழுதினார். படுக்கையை நனைப்பது, தீ வைப்பது, மிருகங்களை வதைப்பது என்ற மூன்றும் சிறுவயதில் சேர்ந்து இருந்தால் ஆபத்து என்பதே பிற்காலத்தில் 'மெக்டொனால்ட் மும்மை' என்று பிரபலமானது. அந்த 100 பேரும் 'கொன்றுவிடுவேன்' என்று மிரட்டியவர்கள். கொன்றவர்கள் அல்ல. பிறகு மெக்டொனால்டே கொலை செய்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நம்பும்படியான வித்தியாசம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் கட்டுரை சினிமாவுக்கும் போலீஸ் பயிற்சி வகுப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. படுக்கையை நனைப்பதை இந்தப் பட்டியலில் வைத்ததுதான் பெரிய அநியாயம். ஏழு வயதிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு இது இருக்கும். ஆழ்ந்த தூக்கமும் பரம்பரையும்தான் பெரும்பாலும் காரணம்.

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1985இல் கெல்லர்ட், ஃபெல்தவுஸ் என்ற இருவர் கான்சாஸ், கனெக்டிகட் மாநிலங்களில் உள்ள மத்திய அரசுச் சிறைகளில் இருந்த 102 கைதிகளையும் வெளியில் இருந்த 50 பேரையும் நேர்காணல் செய்தார்கள். மிகவும் முரட்டுத்தனமான கைதிகளில் 25 சதவீதம் பேர், சிறுவயதில் ஐந்து தடவையோ அதற்கு மேலோ மிருகங்களை வதைத்ததாகச் சொன்னார்கள். மற்றக் கைதிகளில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. வெளியில் இருந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. தொடர்பு இருக்கிறது. ஆனால் இதே எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்து படியுங்கள்: மிக முரட்டுக் கைதிகளிலேயே முக்கால்வாசிப் பேர் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. 'எல்லாரும்' என்று வாட்ஸாப் சொல்வது அங்கேயே விழுந்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் கேள்வி கேட்கும் திசையில் இருக்கிறது. 'கொலைகாரர்களில் எத்தனை பேர் மிருகத்தை வதைத்தவர்கள்?' என்பது ஒரு கேள்வி. 'மிருகத்தை வதைத்தவர்களில் எத்தனை பேர் கொலைகாரர் ஆனார்கள்?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை எடுத்து இரண்டாவதற்குப் பொருத்துவதால்தான் இவ்வளவு பயமும். நம் ஊர் ஓணானை நினைத்துப் பாருங்கள். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கு, வேலியோரம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது, கழுத்தில் விழுந்ததும் ஒரே இழுப்பு, பிறகு வாயில் மூக்குப்பொடி போட்டு அது கிறுகிறுத்துச் சுற்றுவதைப் பார்த்துச் சிரிப்பது. தட்டானுக்கு வாலில் நூல், பொன்வண்டுக்குத் தீப்பெட்டி. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய கிராமத்து ஆண்களைக் கேட்டால் இதில் ஒன்றையாவது செய்யாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் வாத்தியாராகவும் விவசாயியாகவும் பேங்க் மேனேஜராகவும் ஆகி ஓய்வும் பெற்றுவிட்டார்கள். இத்தாலியில் அன்னா பால்ட்ரி 2003இல் வெளியிட்ட ஆய்வில் 9 முதல் 17 வயது வரையுள்ள 1,392 பிள்ளைகளைக் கேட்டதில், ஏறக்குறைய பாதிப் பேர் ஒருமுறையாவது ஒரு மிருகத்தைத் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவு பரவலாக இருக்கும் ஒன்றை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தத் துறையில் எனக்கு மதிப்புள்ள ஆய்வு 1999இல் வந்தது. ஆர்னால்ட் ஆர்லூக்கும் மற்றவர்களும் செய்தது. மாசசூசெட்ஸில் 1975 முதல் 1986 வரை விலங்குவதைக்காக வழக்குப் பதிவான 153 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஜோடியாக அதே தெருப்பக்கம் வசித்த, அதே பாலினத்தையும் ஏறத்தாழ அதே வயதையும் சேர்ந்த ஒருவரைப் பிடித்து, இருதரப்பின் குற்றப் பதிவுகளையும் வைத்துப் பார்த்தார்கள். கைதியின் ஞாபகத்தை நம்பவேண்டிய தேவை இதில் இல்லை. வதைத்தவர்களில் 70 சதவீதம் பேர் மேல் வேறு ஏதாவது ஒரு குற்றம் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்களில் 22. மனிதர்களைத் தாக்கிய வன்முறைக் குற்றம் 37க்கு 7. இந்த வரியோடுதான் எல்லாரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதே அட்டவணையில் சொத்துக் குற்றம் 44க்கு 11, போதைப்பொருள் 37க்கு 11. நாயை அடித்தவன் மனிதனை அடிக்கிறான் என்பது எவ்வளவு உண்மையோ, அவன் திருடுகிறான் என்பதும் அவ்வளவு உண்மை. இன்னொன்று, விலங்குவதை முதலில் வந்து மனிதர்மேல் வன்முறை பிறகு வரவேண்டும் என்ற வரிசையும் கிடைக்கவில்லை. முன்னால் வந்த அளவுக்குப் பின்னாலும் வந்திருந்தது. 2013இல் க்ளென் வால்டர்ஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோதும், விலங்குவதைக்கும் குற்றத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது வன்முறைக் குற்றத்துக்கு மட்டுமே உரிய தொடர்பு அல்ல என்றுதான் வந்தது.

ஆக, மிருகத்தில் பழகி மனிதனுக்கு 'பிரமோஷன்' வாங்குகிறான் என்ற படிக்கட்டுக் கதையை விட்டுவிடலாம். எல்லை மீறும் ஒரு வாழ்க்கைக்குள் இது ஒரு துண்டு. பக்கத்தில் இன்னும் என்னென்ன துண்டுகள் கிடக்கின்றன என்று தேடுவதுதான் உருப்படியான வேலை.

(கோவிலுக்குக் கிடா வெட்டுவது, கறிக்கடை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. சமூகம் ஒப்புக்கொள்ளாத, தேவையில்லாத, வேண்டுமென்றே தரும் வலி என்பதுதான் ஃப்ராங்க் அஸியோன் என்ற உளவியலாளர் 1993இல் தந்த வரையறை. பெரும்பாலான ஆய்வுகள் அதையே பின்பற்றுகின்றன. அதற்குள் எது அடங்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதும் உண்மைதான்.)

இனி உங்கள் அக்கா மகன். சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு, அதை மழுப்பக் கூடாது. குழந்தைகளை மதிப்பிட அஸியோன் குழு தயாரித்த முறையில் பார்க்கும் விஷயங்கள் இவை: எவ்வளவு கடுமை, எத்தனை தடவை, எவ்வளவு காலமாக, கடைசியாக எப்போது, எத்தனை விதமான உயிர்கள், பூச்சியா பாலூட்டியா, ஒளித்துச் செய்தானா, தனியாகவா கூட்டத்தோடா, செய்த பிறகு வருத்தம் இருந்ததா. ஓணான் வேட்டை என்பது கூட்டம், பகல், வேடிக்கை, ஒரு வயதோடு நின்றுவிடுவது. இங்கே இருப்பது வீட்டில் வளர்ந்த, பெயர் வைத்துக் கூப்பிட்ட, மடியில் உட்கார்ந்த குட்டி. இரண்டு தடவை. இரண்டாவது தடவை மூடியை மூடியிருக்கிறான். அது கோபத்தில் கைநீளும் ஒரு நொடியல்ல, கொஞ்ச நேரம் எடுத்துச் செய்யும் காரியம். முன்னதை விட இதைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1987இல் தன் நோய்க் கையேட்டில் 'நடத்தைக் கோளாறு' என்பதன் அறிகுறிகளில் விலங்குவதையைச் சேர்த்தது. இன்றைய பதிப்பில் அந்த அறிகுறிகள் 15. அவற்றில் குறைந்தது மூன்று ஓராண்டுக்குள் இருந்து, குறைந்தது ஒன்று கடைசி ஆறு மாதத்துக்குள் நடந்திருந்தால்தான் அந்தப் பெயரே சூட்டுவார்கள். உங்களுக்குத் தெரிந்தவரை இவனிடம் இருப்பது ஒன்று.

இப்போது பெல்ட்டுக்கு வருவோம்.

1983இல் நியூஜெர்சியில், குழந்தையை வதைத்தது உறுதியாகி அரசின் கண்காணிப்பில் இருந்த, செல்லப்பிராணியும் வளர்த்த 53 குடும்பங்களைப் பார்த்தார்கள். 60 சதவீத வீடுகளில் மிருகமும் வதைபட்டிருந்தது. குழந்தையை உடல்ரீதியாக அடித்த வீடுகளை மட்டும் எடுத்தால் 88 சதவீதம். மிருகத்தை அடித்தது யார் என்று பார்த்தால், மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் அப்பாவோ அம்மாவோ, மீதியில் பிள்ளைகள். 2006இல் செரில் கரி செய்த ஆய்வில், அம்மா அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மிருகத்தை வதைக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளை விட 2.95 மடங்கு இருந்தது. எனவே 'பெரியவனானால் என்ன ஆவான்' என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த வீட்டில் இன்று யார் யாரை அடிக்கிறார்கள் என்பதுதான் அவசரக் கேள்வி.

அடிவாங்கும் பிள்ளை மிருகத்தின் மேல் கைவைப்பதற்குப் பல வழிகள் உண்டு. தன்னை விடச் சின்னதை அடித்துப் பணியவைப்பதுதான் பெரியவர்கள் செய்வது என்று கற்றுக்கொள்வது ஒன்று. திருப்பி அடிக்க முடியாதவர் மேல் உள்ள ஆத்திரத்தை வாயில்லா ஜீவன் மேல் இறக்குவது இன்னொன்று. மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை: தனக்கு நடந்ததை அப்படியே குட்டிக்குச் செய்துபார்ப்பது. டிரம்முக்குள் போட்டு மூடியதைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, இந்தப் பையனை யாராவது எங்காவது பூட்டி வைத்தார்களா என்பதுதான். இன்னொன்றும் கேளுங்கள். குட்டியைச் சுவரில் அடித்ததைக் கண்ணால் பார்த்தவர் யார்? அப்பா செய்ததைப் பிள்ளை தன் தலையில் போட்டுக்கொள்ளும் வீடுகள் இருக்கின்றன.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். குட்டியை இன்றே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தண்டனையாக அல்ல. மூன்றாவது தடவை நடந்தால் குட்டி செத்துப்போகும், அதோடு பையனும் அந்த ஞாபகத்தோடு வாழவேண்டியிருக்கும். 'அன்பு வரட்டும்' என்று நாய்க்குட்டி வாங்கித் தரும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். மிருகத்தோடு பழகவிடுவது சிகிச்சை பாதி கடந்த பிறகு, பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்கும்போது மட்டும்.

அடிப்பதை உடனே நிறுத்தவேண்டும். வலித்தால் திருந்துவான் என்ற கணக்கு இங்கே தலைகீழாகத்தான் வேலை செய்யும். 'பலமுள்ளவன் அடிக்கலாம்' என்ற பாடத்தையே பெல்ட் மறுபடி நடத்துகிறது, ஒளித்துச் செய்யவும் பழக்குகிறது. முதல் தடவை சுவர், இரண்டாவது தடவை மூடி போட்ட டிரம் என்பதை இந்தக் கோணத்திலும் பாருங்கள்.

அவனிடம் பேசும்போது 'ஏன்டா இப்படிச் செஞ்சே?' என்று கேட்டால் 'தெரியல' என்றுதான் வரும். ஒன்பது வயதுக்கு அது பொய்யும் அல்ல. 'அன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து வந்ததும் என்ன நடந்துச்சு? வீட்ல யார் யார் இருந்தாங்க? அப்புறம்?' என்று வரிசையாகக் கேளுங்கள். அவனை முறைக்காமல், கூட நடந்துகொண்டோ ஏதாவது வேலை செய்துகொண்டோ கேட்டால் சீக்கிரம் பேசுவான். குட்டிக்கு வலித்திருக்குமா என்று ஒரு தடவை கேளுங்கள். 'ஆமா' என்று தலை குனிந்தால் அது நல்ல செய்தி. சலனமே இல்லாவிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். தீ, திருட்டு, சின்னப் பிள்ளைகளை அடிப்பது, மிருகத்தின் மறைவிடங்களில் கைவைப்பது, இவை பற்றியும் வீட்டில் விசாரியுங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால், அவனுக்குப் பாலியல் தொல்லை நடந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அன்றே நகரவேண்டும்.

மருத்துவர் என்றால் குழந்தைகள் மனநல மருத்துவர். சென்னை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கின்றன. மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416க்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். கவனக்குறைவு மிகையியக்கம் (ADHD), அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மன அதிர்ச்சி ஆகியவை உண்டா என்று முதலில் பார்ப்பார்கள். இந்த வயதுக்குப் பலன் தருவது பெரும்பாலும் பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான், வாரம் ஒன்றாகச் சில மாதங்கள் ஓடும். பாதியில் கெடுவதற்குப் பொதுவான காரணம், அம்மா மட்டும் வருவதும், 'பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு என் பிள்ளையா?' என்று அப்பா மறுப்பதும். அப்பா வரவே மாட்டார் என்றால் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் வழியை மாற்றிக்கொள்வார்கள்.

போலீசுக்குப் போகலாமா என்று யோசிக்கவேண்டாம். ஏழு வயதுக்குக் கீழே எதுவும் குற்றமல்ல, ஏழிலிருந்து பன்னிரண்டு வரை செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இல்லாவிட்டால் குற்றமல்ல என்று இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20, 21ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஆனால் பெல்ட்டால் அடிப்பது வேறு கதை. தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாரும், பெயர் சொல்லாமலும், போன் செய்யலாம்.

அக்காவைத் தனியாகப் பாருங்கள். போன் வேண்டாம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. 'அடிக்கிறாரா?' என்று நேராகக் கேட்டால் 'சேச்சே' என்பார். 'கோபம் வந்தா வீட்ல எதையாவது உடைப்பாரா? பூனையை எட்டி உதைச்சிருக்காரா? அதை என்னமாவது செஞ்சிடுவேன்னு சொல்லியிருக்காரா?' என்று பூனையிலிருந்து தொடங்குங்கள். தன்னைப் பற்றிப் பேச வெட்கப்படுபவர் பூனையைப் பற்றிப் பேசிவிடுவார். யூட்டா மாநிலத்தில் ஒரு பெண்கள் காப்பகத்தில் தங்கியிருந்த 38 பேரை அஸியோன் பேட்டி கண்டு 1998இல் எழுதினார். செல்லப்பிராணி வளர்த்தவர்களில் 71 சதவீதம் பேரின் கணவனோ துணைவனோ அதைக் கொல்வதாக மிரட்டியோ, காயப்படுத்தியோ, கொன்றோ இருந்தான். கட்டிப்போட்ட மிருகத்தை உதைப்பது பெரும்பாலும் ஆத்திரத்தில் நடப்பதல்ல. 'அடுத்தது நீ' என்று வாய் திறக்காமல் சொல்வது அது. மிருகத்தை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதைத் தள்ளிப்போட்ட பெண்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். மெய்ன் மாநிலம் 2006இல் பாதுகாப்பு உத்தரவுக்குள் வளர்ப்பு மிருகத்தையும் சேர்க்கச் சட்டம் செய்தது. பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

நம் குடும்ப வன்முறைச் சட்டத்தில் (2005) மிருகம் என்ற சொல் கிடையாது. ஆனால் 18ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு, உத்தரவில் குறிப்பிடும் வேறு எந்தச் செயலையும் தடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. 'வீட்டிலுள்ள பூனையைத் துன்புறுத்தவோ அப்புறப்படுத்தவோ கூடாது' என்று மனுவில் எழுதிக் கேட்கலாம். எழுதாவிட்டால் தானாக வராது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் நிகழ்வறிக்கை எழுதும்போதும், கடைசியில் வேறு தகவல் என்று விடும் இடத்தில் மிருகத்துக்கு நடந்ததைத் தேதியோடு சொல்லிப் பதியச் செய்யுங்கள். அவசரம் என்றால் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். மீறினால் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். பெண்கள் உதவி எண்ணான 181க்கு இரவு பகல் எப்போதும் பேசலாம்.

குட்டியை அடித்தது பெரியவர் என்று தெரியவந்தால் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960) மட்டும் போதாது. அதன் 11ஆம் பிரிவில் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், ஒரு டீ வடைச் செலவு. அடித்த குற்றத்துக்கு அதில் போலீஸ் தானாகக் கைது செய்யவும் முடியாது. நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் அதுவும் போயிற்று. கொன்றோ ஊனமாக்கியோ இருந்தால் சன்ஹிதாவின் 325ஆம் பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். அதில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஸ்டேஷனில் வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) மட்டும் போட்டு, எழுதி வாங்கி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். இங்கே காகிதம்தான் பேசும்.

அதனால் குட்டிக்குக் கால் கட்டிய கால்நடை மருத்துவரின் சீட்டையும் எக்ஸ்ரேயையும் அக்கா வீட்டில் வைக்காமல் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொரு தடவை அந்த டாக்டரிடம் போய் ஒன்றைக் கேளுங்கள்: இந்த ஒரு எலும்புதானா, அல்லது பழைய, பாதி கூடிய முறிவு வேறெங்காவது படத்தில் தெரிகிறதா? வண்டியில் அடிபட்ட பூனைக்கு நகங்கள் தேய்ந்து பிசிறியிருக்கும், உடம்பில் மண்ணும் கிரீஸும் ஒட்டியிருக்கும். வீட்டுக்குள் அடிவாங்கிய பூனைக்கு நகம் சுத்தமாக இருக்கும், விலா எலும்பில் வெவ்வேறு வயதுடைய முறிவுகள் இருக்கலாம். அப்படி ஒன்று படத்தில் இருந்தால், அது எந்த மாதத்தில் உடைந்திருக்கும் என்று டாக்டர் உத்தேசமாகச் சொல்வார். அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று அக்காவைக் கேளுங்கள்.